ஊராத தேரும் ஓடாத றெயிலும்

இலக்கியம் பேசவேண்டிய நேரத்தில் மீன்பேணிக்கும் சோடா மூடிக்கும் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைத் தொடக்கிவைத்தவர்கள் சங்கப் புலவர்கள்தாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்றொரு புலவர். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும் அவர் பாடியவை. இரண்டிலும் விளையாட்டுத் தேர் வருகிறது. முன்னதில் வருவது தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி புனையப்பட்ட தேர். யாரும் ஏறி ஊரமுடியாத தேர். அதை உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலித்தாயரிடம் பால் குடித்துவிட்டு உறங்கிப்போகிறார்கள். பின்னதில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம். உலரப் போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியைத் துரத்த மகளிர் கழற்றி எறிந்த காதணி, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று கால் தேருக்கு வழித்தடையாகக் கிடக்கிறது. குறுந்தொகையின் 61 ஆம் பாட்டிலும் தச்சன் செய்த சிறுதேர் உண்டு. அதில் ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழும் சிறுவர்களை அங்கே தோழி தலைவியின் நிலைக்கு உவமையாக்குகிறாள்.

காதணியை எறியும் செல்வத்தைப் பற்றி உரையாசிரியர்கள் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். என் கண் தச்சன்மேல். மெய்யான தேருக்கு மூன்று கால் இல்லை. அது தச்சனுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று கால் வைத்தான் என்றால், நடை பழகும் பிள்ளை பிடித்துத் தள்ளும்போது கவிழக்கூடாது என்பதற்காக. அது விளையாட்டுப் பொருள். மற்றத் தேர் வேறு சாதி. தச்சர் வீட்டுப் பிள்ளைகள் பிறந்தது முதல் ஆரக்காலும் அச்சும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களை ஏமாற்ற முடியாது. அவர்களும் நச்சும்படி ஒரு தேர் இருந்ததென்றால், பெரிய தேரின் அளவெல்லாம் அந்தச் சிறிய தேருக்குள் ஒழுங்காக இறங்கியிருக்கவேண்டும். விளையாட்டுப் பொருள் பிள்ளைக்குக் கடமைப்பட்டது. மாதிரி உரு மூலப்பொருளுக்குக் கடமைப்பட்டது. இது என் வாசிப்பு. புலவர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெரியது அழிந்தபின்னும் சிறியது தப்பிவிடுவது. சிந்துவெளி மக்கள் ஓட்டிய மரவண்டில்கள் உக்கி மண்ணாகிவிட்டன. ஆனால் அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுட்ட களிமண்ணால் செய்த குட்டி வண்டில்கள் கிடைத்தன. அந்த வண்டில்களின் தட்டையும் சில்லையும் நாம் அறிவது அவற்றைக் கொண்டுதான். எகிப்தில் 1920 இல், மெகெற்றே என்ற பேரதிகாரியின் கல்லறையில் ஒரு சிறு மறைவறையை வின்லொக் என்னும் ஆய்வாளர் கண்டார். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாக யாரும் தொடாத அறை. உள்ளே மரத்தில் செய்து வர்ணம் தீட்டிய மாதிரிகள்: மாடுகளை எண்ணிக் கணக்கெழுதும் எழுத்தர்கள், களஞ்சியத்தில் தானியம் அளப்பவர்கள், அப்பம் சுடும் கூடம், ஓடங்கள். அரண்மனைக் கல்வெட்டுகள் சொல்லாத அன்றாடத்தை இந்தப் பொம்மைகள் சொல்லின. இன்று அவற்றில் ஒரு பங்கு கெய்ரோவிலும் ஒரு பங்கு நியூயோர்க்கிலும் இருக்கின்றன.

இவ்வளவையும் நான் படித்தது பிறகுதான். 1997 இல், மல்லாவியில் ஒரு பாலைமரத்தின் கீழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு மெகெற்றேயையும் தெரியாது, வின்லொக்கையும் தெரியாது.

முந்திய ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வகுப்புக்குப் பக்கத்தில் பதுங்குகுழி. அதன் கூரைக்குக் குறுக்கே தண்டவாளத் துண்டுகளும் சிலிப்பர் கட்டைகளும் போட்டு, மேலே மண் மூடியிருந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் அநேகம் பதுங்குகுழிகளுக்கு வளை அதுதான். ஒருநாள் உள்ளே குந்தியிருக்கும்போது ஏழு வயதுப் பெடியன் ஒருவன் மேலே கைகாட்டிக் கேட்டான்:

"மாஸ்ரர், இந்த இரும்பு எங்கை விளையிறது?"

நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வன்னியின் நடு முதுகில் ஓடிய பாதை அது. காட்டு ஓரத்துக் கிராமங்கள் அந்தக் கூவலைக் கேட்டு நேரம் சொல்லும். 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரும் பொதுமக்களும் மாண்டார்கள். 1990 ஜூனில் வடக்குக்கான ஓட்டமே நின்றது. இந்தப் பெடியன் பிறந்த ஆண்டு அது. தண்டவாளம் அவனுக்குப் பதுங்குகுழியின் வளை, அவ்வளவுதான்.

"இதுக்கு மேலை றெயில் ஓடினது" என்றேன்.

"ரெண்டு கம்பிக்கு மேலை எப்பிடி விழாமல் ஓடும்?"

கரும்பலகையில் கீறிக் காட்டினேன். கீறின படம் அவனைத் திருப்திப்படுத்தவில்லை. கேள்வி சில்லைப் பற்றியது. சில்லைப் படத்தில் காட்ட முடியாது. செய்துதான் காட்டவேண்டும்.

இப்படித்தான் நான் இந்தத் தொழிலில் விழுந்தேன். தொழில் என்பது தவறு, பொழுதுபோக்கு. ஆனால் செல் விழுகிற நாட்களில் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு வேறு கனம் உண்டு.

மாதிரிக்கு முதலில் வேண்டியது அளவு. நிலையமும் இல்லை, பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை. இருந்தது சிலிப்பர் கட்டை. வெட்டாத முழுக்கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். தண்டவாளம் பல காலம் அழுத்திய தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு தடத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தால் ஐந்தடி எட்டரை அங்குலம். தண்டவாளத்தின் தலை அகலத்தைக் கழித்தால் ஐந்தரை அடி. இலங்கையின் அகலப் பாதை அதுவேதான். பதுங்குகுழிக்குள் லாம்பு வெளிச்சத்தில் அந்தக் கணக்குச் சரியாக வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது சொன்னால் பைத்தியம் என்பீர்கள்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று திட்டம் வைத்தோம். அதாவது நாற்பத்தெட்டில் ஒன்று. பாதையின் அகலம் ஒன்றேகால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். ஆறடி ஆள் ஒன்றரை அங்குலம். குடைக்கம்பி தண்டவாளமாயிற்று, பனைமட்டைச் சீவல் சிலிப்பராயிற்று. பெட்டிக்குச் சுவர் மீன்பேணித் தகரம், அடித்தட்டு முள்முருக்குப் பலகை. முள்முருக்கு மிகவும் மென்மையான மரம். சவர அலகாலேயே செதுக்கலாம். ஒட்டுவதற்கு விளாம்பிசின். வன்னிக் காட்டில் விளாத்திக்கா பஞ்சம்?

சில்லில்தான் இடறினோம். சோடா மூடியைக் கண்டதும் எனக்குப் பெரிய கண்டுபிடிப்புச் செய்த நினைப்பு. விளிம்பு மடிந்திருப்பதால் தண்டவாளத்தைக் கவ்வி ஓடும். எட்டு மூடி பூட்டிப் பெட்டியை நிறுத்தினேன். அப்போது அங்கே வந்தார் ஒரு பெரியவர். கடவையடியில் கேற் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். குனிந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இதென்ன, கோச்சியோ மாட்டுவண்டிலோ?"

கணக்குப் பார்த்தேன். சோடா மூடி ஒன்றேகால் அங்குலம். நாற்பத்தெட்டால் பெருக்கினால் அறுபது அங்குலம், ஐந்தடி! சரியாக மாட்டுவண்டில் சில்லுத்தான். அவர் அளவுகோல் பிடிக்கவில்லை. "முப்பது வரியம் கொடியோடை நிண்டு பக்கப்பாடாய்ப் பாத்தவன் நான். ஏறிப் போனவனுக்கு றெயிலின்ரை உள்ளுத்தான் தெரியும்" என்றார்.

மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து. ஊசிமருந்துக் குப்பியின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் அலுமினிய மூடி முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பெருக்கினால் மூன்றடிச் சில்லு. குப்பிகளுக்கு அப்போது வன்னியில் குறைவில்லை. ஏன் குறைவில்லை என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாடுகளில் இந்தப் பொழுதுபோக்கின் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில், 1942 இல், அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. எழுபத்திரண்டில் ஒன்று அளவு, முழுக் கறுப்பு வர்ணம். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகும் அளவு அது. அந்த மாதிரியை முப்பத்தைந்து அடிக்கு அப்பால் பிடித்தால், அரை மைல் தூரத்தில் பறக்கும் மெய் விமானம்போல் தெரியும். அதை வைத்து வீரர்கள் நட்பு எது பகை எது என்று பழகினார்கள். போர் முடிந்தபின் அதே எழுபத்திரண்டு, பொடியன்களின் படுக்கையறைக் கூரையில் நூல் கட்டித் தொங்கும் விமானங்களின் அளவாயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு விமானத்தை இனங்காண மாதிரி தேவைப்படவில்லை. கிபிர், புக்காரா, சகடை என்று காதாலேயே பிரித்தார்கள். மல்லாவி வகுப்பில் யாரும் விமானம் செய்யக் கேட்கவுமில்லை. ஒருத்தி மட்டும் பனையோலையில் ஒன்று மடித்தாள். மற்றவர்கள் பறித்துக் கிழித்துப்போட்டார்கள்.

இங்கிலாந்தின் எயர்பிக்ஸ் கம்பனியை எடுத்துக்கொள்வோம். 1939 இல் நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரியர் தொடங்கியது. இன்று அதன் பெயரைக் கேட்டால் போர்விமானம் நினைவுக்கு வரும். ஆனால் அவர்களின் முதல் அளவு மாதிரி ஸ்பிற்பயர் அல்ல. அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, 1949 இல், பேர்குசன் உழவு இயந்திரம்! விற்பனை முகவர்கள் கையில் கொண்டு திரிந்து காட்டுவதற்காகச் செய்தது. பரந்தனிலும் உருத்திரபுரத்திலும் சேறடித்து, நெல் ஏற்றி, பிறகு இடம்பெயரும்போது வீட்டையே ஏற்றிச் சென்ற அந்தச் சிவப்பு மசி பேர்குசன்களின் மூத்த அண்ணன். எயர்பிக்ஸின் பிளாஸ்ரிக் மாதிரிகளின் வரிசை உழவு இயந்திரத்தில் தொடங்குகிறது என்பதை ஒரு வன்னி வாத்தியாராகச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கடையில் விற்கும் சீமை றெயில் மாதிரிகளைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பாதைகள் நாலடி எட்டரை அங்குலத்துக்கு அளவானவை. எங்கள் பாதை அதைவிட ஒன்பதரை அங்குலம் அகலம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் எங்கள் யாழ்தேவி இடுப்பொடுங்கி நின்றிருக்கும். வறுமையில் கிடைத்த சரியளவு.

இனி வர்ணம். அக்காலத்தில் பெயின்ற் கண்ணில் படாத பொருள். பெட்டியின் நிறம் என்ன என்பதே முதலில் வழக்கு. பழைய பாலர் புத்தகமொன்றில் நீலப் பெட்டி இருந்ததால் பிள்ளைகள் நீலம் என்றார்கள். பெரியவர் அடியோடு மறுத்தார். "காய்ஞ்ச செங்கல்லை மழை நனைச்ச நிறம்" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை எந்த நூலிலும் வாசிக்கவில்லை. நிறமும் அதிலேயே இருந்தது. செங்கல்லை அம்மியில் அரைத்து, சீலையில் வடித்து, விளாம்பிசின் கரைசலில் குழைத்தோம். கறுப்புக்கு லாம்புச் சிமினிக் கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. முதல் பூச்சு வெடித்து உதிர்ந்தது. பிசின் கூடிவிட்டது. இரண்டாவது தூளாகக் கையில் ஒட்டியது. பிசின் காணாது. மூன்றாவது நின்றது. மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மேலே இன்னொன்று. பொறுமையின்மைதான் தகரத்தைக் கெடுக்கிறது.

யன்னல் எண்ணிக்கையில் பெரியவரோடு எனக்கு முடியாத தகராறு. நான் ஏறிப்போன நினைவில் ஒரு கணக்குச் சொன்னேன். அவர், இரவு மெயில் கடக்கும்போது வரிசையாக ஓடிய வெளிச்சத்தை எண்ணிய நினைவில் இரண்டு குறைவாகச் சொன்னார். கடைசியில் ஒரு பெட்டி அவர் கணக்கு, ஒரு பெட்டி என் கணக்கு என்று சமாதானம் செய்துகொண்டோம்.

கேள்வி கேட்ட பெடியனிடம் ஒரு கதவுக்கு வர்ணம் பூசக் கொடுத்தேன். காயமுன்னே தொட்டுவிட்டான். பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. நாற்பத்தெட்டில் ஒன்று என்ற அளவில், ஆள் உயரத்தில் முக்கால் பங்குக்கு ஒரு கைரேகை! எனக்கு எரிச்சல். சுரண்டி எடுக்கப் போனேன்.

"விடுங்கோ மாஸ்ரர்" என்றார் பெரியவர். "ஆரோ ஏறினதுக்கு அடையாளம்."

மாதிரி இரண்டு பெட்டியோடு நின்றது. என்ஜினுக்குப் பலகை வெட்டினோம், முடிக்கவில்லை. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த டீசல் என்ஜின்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களோடு எங்கள் பாதையில் ஓடின. ஒன்ராறியோ, அல்பேட்டா என்ற சொற்களைக் கனடாவுக்குப் போக முன்னமே எங்களவர் கேள்விப்பட்டது அப்படித்தான். பெரியவர் அவற்றின் முகத்தை மண்ணில் கீறிக் காட்டுவார். அவர் 2003 இல் காலமானார். ஏ9 வீதி திறந்து, பாதை பற்றிய பேச்சும் எழுந்திருந்த காலம்.

2008 இறுதியில் மீண்டும் கிளிநொச்சியை விட்டு நடந்தோம். பெட்டிகள் இரண்டையும் பொலித்தீனில் சுற்றி, பால்மாத் தகரத்துள் வைத்து, தருமபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த காணியின் முருங்கையடியில் 2009 ஜனவரியில் புதைத்தேன். அக்காலத்தில் எல்லோரும் எதையாவது புதைத்தார்கள். தையல் மெசின், உறுதிக் கட்டு, கல்யாணப் படம். திரும்பிப் போக 2010 ஆயிற்று. முருங்கையும் இல்லை, காணியின் எல்லையும் இல்லை. மூன்று இடத்தில் கிண்டினேன். ஒரு பேணி கிடைத்தது. அது வேறு யாருடையதோ, உள்ளே சாவிக்கொத்து.

அரப்பாவில் வண்டில் போய்ப் பொம்மை நின்றது. எங்களுக்கு மறுதலை. 2013 செப்ரெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கு மறுபடி றெயில் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பளைக்கும், ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் போயிற்று. இந்தியக் கடனுதவியில் இந்தியக் கம்பனி போட்ட பாதை. நானும் சனத்தோடு சனமாகப் போய் நின்று யன்னல்களை எண்ணினேன். பயனில்லை; பெட்டிகள் வேறு. எங்கள் வழக்குத் தீரவில்லை. சனம் கலைந்தபின் பொக்கற்றிலிருந்த நாடாவை எடுத்துப் பாதையை அளந்தேன். ஐந்தரை அடி. காவலுக்கு நின்றவர் விசில் ஊதி விரட்டினார்.

அந்தப் பெடியன் வரவில்லை. 2009 மே மாதத்துக்குப் பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்துக்குக் குந்தியபோது அவனுடைய தாயும் அங்கே இருந்தா. மடியில் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம். என்னைக் கண்டதும் கேட்டா:

"மாஸ்ரர், அவன்ரை விரல் பட்ட கோச்சிப் பெட்டி உங்களிட்டை இருக்குதெல்லே?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது பொய். பிறகு ஒருமுறையும் சொல்லித் திருத்தவில்லை.

இப்போது மேசையில் தகரம் வெட்டிக் கிடக்கிறது. இன்று கடையில் எந்த நிறத்திலும் பெயின்ற் வாங்கலாம். நான் செங்கல்தான் அரைக்கிறேன். முதல் பெட்டிக்குப் பெரியவரின் யன்னல் கணக்கு. கதவு பூசிக் காய்ந்து, வெறுமையாக நிற்கிறது. அதில் யார் விரலையும் வைக்க நான் துணியவில்லை. தாய்க்குக் கொடுப்பதா, கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது என்பதும் தெரியவில்லை. குப்பி மூடிக்குத்தான் இப்போது தட்டுப்பாடு. மருந்துக்கடைப் பெடியன் "என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டான். சில்லுக்கு என்றேன். விளங்காமல் பார்த்துவிட்டு, தேடி ஆறு மூடி தந்தான். இரண்டு பெட்டிக்குப் பதினாறு வேண்டும்.